ஒரு மைல் வனவாசம்

குழந்தை குட்டிகளோடு கூடாரம் போட்டு ஒரு ராத்திரி வெட்டவெளியில் தங்குவதென்றால் மலைக்குத்தான் போகவேண்டும் என்று யார் சட்டம் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை. ஆனால் அந்த எழுதாத சட்டத்துக்கு நம் நடுத்தரக் குடும்பங்கள் காட்டுகிற பணிவு இருக்கிறதே, வருமான வரிச் சட்டத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை இந்த நாட்டில் கிடையாது. பள்ளிக்கூடம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை விட்டால் போதும். காரில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகள் வாந்தியெடுக்க வாந்தியெடுக்க மேலே போய், யாரோ வாடகைக்குப் போட்டு வைத்த கூடாரத்தில் குளிரில் நடுங்கி, மறுநாள் கீழே இறங்கி, 'இயற்கையைப் பார்த்துவிட்டு வந்தோம்' என்கிறார்கள். குழந்தை எதைப் பார்த்தது என்று அதைக் கேட்டால்தானே தெரியும்? யாரும் கேட்பதில்லை.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே தூத்துக்குடிச் சாலையில் இருக்கிறது பந்தல்குடி. மழை ஆண்டுக்கு எண்ணூறு மில்லிமீட்டரைத் தொட்டால் அதிகம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். கரிசல் காடு, சீமைக்கருவேல், பனை, அங்கங்கே ஒரு கண்மாய், கண்மாய்க் கரையில் ஒரு ஐயனார். திருச்சுழி வரைக்கும் இதே காட்சிதான். இந்த வட்டாரத்தில் குழந்தைகளோடு நடந்து போய் இரவு தங்கலாம் என்று நான் சொன்னபோது, மதுரையில் இருக்கும் என் நண்பர் ஒருவர் சிரித்தார்.

"அங்கே என்ன அண்ணாச்சி இருக்கு? முள்ளும் பொட்டலும்தானே?" என்றார்.

ஆமாம், பொட்டல்தான். பொட்டலுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 'ஆளில்லாத இடம்' என்பது ஊரின் கடைசித் தெருவிளக்குக்கு அப்பால் ஒரு மைல் தூரத்தில் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் நடக்கிற ஒவ்வொரு மைலும் பெற்றோர் தங்கள் பெருமைக்காக நடப்பது. ஐந்து வயதுக் குழந்தையை ஒரு மைல் நடக்கவிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். வழியில் எறும்புப் புற்று ஒன்று இருக்கும். அதற்குக் கால் மணி நேரம். மயில் இறகு ஒன்று கிடக்கும். அதை யார் கையில் வைத்துக்கொள்வது என்ற வழக்கு விசாரணைக்குக் கால் மணி நேரம். முடிவில் குழந்தை தன் காலாலேயே நடந்து ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். அந்த இடம் அதன் கணக்கில் காசியைவிடத் தூரம். அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு ஆறு மைல் மலையேறிய பிள்ளைக்கு அந்தப் பெருமிதம் கிடையாது. அப்பாவுக்கு முதுகுவலி உண்டு.

பெருமைக்கு மலை ஏறுவதில் வெறும் முதுகுவலியோடு போனால் நான் பேசாமல் இருந்திருப்பேன். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை நாம் மறந்துவிட்டோம். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த இரண்டு கூட்டத்தாரைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. 23 பேர் மாண்டார்கள். அந்தக் கூட்டத்தில் குழந்தைகளும் இருந்தார்கள். மாசி, பங்குனியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் காய்ந்த வைக்கோற்படப்பு மாதிரி இருக்கும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்குப் பெரியவர்களே ஈடு கொடுக்க முடியாது. குழந்தை என்ன செய்யும்? அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகளை எழுதியது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைக் குறித்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, வழிகாட்டியோடு அனுப்பத் தொடங்கியது. நல்ல காரியம். மலைக்குத்தான் போவேன் என்கிறவர் அந்த வழியில் போகட்டும். விதியும் அனுமதியும் இல்லாத குறுக்குவழியில் குழந்தையைக் கூட்டிப் போகிறவரைத் தைரியசாலி என்று சொல்ல என் பேனா மறுக்கிறது.

நம் பக்கத்துச் சதுரகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். வத்திராயிருப்புக்கு அப்பால் தாணிப்பாறையில் தொடங்கி, பாறையும் ஓடையுமாக ஏறுகிற வழி. 2015 மே மாதம் திடீரென்று ஓடைகளில் வந்த காட்டு வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது, உயிர்கள் போயின. மலையில் எங்கோ பெய்த மழை கீழே நிற்கிறவனுக்குத் தந்தி அடித்துவிட்டு வருவதில்லை. வயநாட்டில், மேப்பாடி அருகே, 2021 ஜனவரியில் ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை கொன்றது. யானையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அது தன் வீட்டு வாசலில் நடமாடியது. விருந்தாளியாகப் போன நாம்தான் எங்கே படுப்பது என்று தெரியாமல் படுக்கிறோம்.

எங்கே படுப்பது என்று தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போய்க் கிடை போடும் கீதாரிகளைச் சொல்கிறேன். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கிளம்பி, அறுப்பு முடிந்த காடுகளில் எரு வேண்டி அழைப்பவர் நிலத்தில் சில நாள், அடுத்தவர் நிலத்தில் சில நாள் என்று, பெண்டு பிள்ளைகளோடு வானத்துக்குக் கீழே படுத்து எழுகிறவர்கள். பொறுக்கி எடுக்கும் வேலையை ஆண்டு முழுக்கச் செய்கிறவர்கள். பந்தல்குடிக்குக் கிழக்கே ஒரு தரிசில் கிடை போட்டிருந்த ஒரு முதியவரிடம், இத்தனை இடம் இருக்க ஏன் இந்த மேட்டில் வந்து படுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளத்துல படுத்தா பனியும் எறங்கும், பூச்சி பொட்டும் எறங்கும்யா. மேட்டுல காத்து ஓடும். காத்து ஓடுனா கொசு நிக்காது, பிள்ளைக தூங்கும்" என்றார்.

பிறகு என் காலில் இருந்த செருப்பைப் பார்த்துவிட்டு, "முள்ளு பொத்துரும், பாத்துப் போங்க" என்றும் சொன்னார். சீமைக்கருவேல் முள்ளுக்கு ரப்பர் செருப்பு ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைகளுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள மூடிய காலணி இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்பது அவர் எனக்கு இலவசமாகக் கொடுத்த பாடம்.

கீதாரிகளைத் தவிர நம் பாட்டிமார்களும் இதில் தேர்ந்தவர்கள்தாம். மகா சிவராத்திரி அன்று இந்தக் கரிசல் பூமியில் நடப்பது வேறென்ன? சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறவர்கள்கூட மூட்டை கட்டிக்கொண்டு குலதெய்வத்தின் காட்டுக் கோயிலுக்கு வந்துவிடுகிறார்கள். கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்து, சேலையை விரித்துக் குழந்தைகளைக் கிடத்தி, விடிய விடிய வெட்டவெளியில் கிடக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் போனால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களில் இதே கூட்டம். அந்தக் காலத்தில் கூண்டு வண்டி, இப்போது வேன். மற்றபடி மாறுதல் இல்லை. இந்தக் கோயில்கள் இருக்கும் இடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஊருக்கு வெளியே, ஆனால் கூப்பிட்டால் ஆள் வரும் தூரத்தில், மேட்டில், ஒரு பெரிய மரம், சுற்றிலும் பெருக்கிய வெறும் தரை. குழந்தைகளோடு இரவு தங்க இடம் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் இல்லை.

வெறும் தரை என்று சொன்னேனே, அதுதான் பொட்டலின் மகிமை. நகரத்தார் புல்தரையைக் கண்டால் மயங்குகிறார்கள். புல் என்பது சுருட்டை விரியனின் ஜமுக்காளம். நம் நாட்டில் ஆளைக் கொல்லும் பாம்புகளில் முக்கியமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வறண்ட பூமியில் சுருட்டைக்குச் செல்வாக்கு அதிகம். செத்தையிலும் கல் இடுக்கிலும் கிடக்கும். பார்வைக்கு மண்ணோடு மண். பெருக்கிய பொட்டலில் ஒரு கைவிளக்கை அடித்தால் எறும்பு ஊர்வதுகூடத் தெரியும். கட்டுவிரியன் விவகாரம் வேறு. அது இரவில், தரையில் தூங்குகிறவனைக் கடிக்கும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது. பல சமயம் பல் பட்ட தடம்கூடப் புலப்படாது. விடியற்காலையில் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லும், இமை தொங்கும். அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் தீர்ந்தது. ஆகையால் தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். அடியும் தரையோடு தைத்துப் பல்லிணைப்பால் மூடக்கூடிய கூடாரம், அல்லது கயிற்றுக் கட்டிலும் விளிம்பைச் செருகிய கொசுவலையும். தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். காலையில் காலணியைத் தட்டிவிட்டுப் போடவேண்டும். கல்லைப் புரட்டக் கூடாது. செந்தேள் கொட்டினால் பெரியவனைவிடக் குழந்தைக்கே ஆபத்து அதிகம். மராட்டியத்தில் மகாட் என்ற சிற்றூரில் டாக்டர் பவாஸ்கர் அதற்குப் பிராசோசின் என்ற மாத்திரை பலிப்பதைக் கண்டறிந்த பிறகு எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் என் ஒரு மைல் கணக்குக்கு முழு அர்த்தம் வருகிறது. பாம்புக் கடிக்கு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. குழந்தைக்கும் பெரியவர் அளவேதான் மருந்து, ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சிறிய உடம்பில் அது சீக்கிரம் வேலை செய்துவிடும். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது அந்த அவசரத்தை உணர்ந்துதான். பந்தல்குடிப் பொட்டலிலிருந்து ஒரு மைல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தார்ச்சாலை; அங்கே 108 வண்டி; அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். மலை உச்சியிலிருந்து ஜீப் பாதையில் இறங்குகிற நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆற்றங்கரையில் தங்கினோம்' என்று சொல்லிக்கொள்வதில் எல்லாருக்கும் ஓர் ஆசை. திருச்சுழிப் பக்கம் குண்டாறு ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணல். நிலாவில் பார்த்தால் பஞ்சு மெத்தை. அந்த மணலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், படுக்காதீர்கள். சதுரகிரியில் நடந்ததுதான் இங்கும் நடக்கும், தண்ணீர் சற்று நிதானமாக வரும் என்பதே வித்தியாசம். கண்மாய்க்கும் கூடாரத்துக்கும் இடையே, பிள்ளை விழித்தவுடன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிப்போய் இறங்கிவிட முடியாத தூரம் இருக்கவேண்டும். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்து சுமந்து போவதே உத்தமம். இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் பல இடத்தில் உப்பு. சுமை அதிகமாகிறதே என்பீர்கள். ஒரு மைல்தானே, ஐயா!

மரத்தைப் பொறுத்தவரை வேம்பு நல்லது. பனைக்கு அடியில் வேண்டாம். காவோலை விழும், இடி விழும். புளியமரத்தில் பேய் என்கிறார்கள். பேயை நான் சந்தித்ததில்லை, ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பிள்ளை ராத்திரி தூங்காது. அந்தக் காரணமே போதும். மழை பெய்த மறுநாள் கரிசலில் கால் வைக்காதீர்கள். நாலு அடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையின் காலணி மண்ணிலேயே நின்றுவிடும், பிள்ளை மட்டும் மேலே வரும். தையும் மாசியும்தான் காலம். மண் இறுகியிருக்கும், கண்மாயில் கொஞ்சம் தண்ணீரும் கொக்கும் இருக்கும், ராத்திரி வானத்தில் கார்த்திகையும் திருவாதிரையும் தலைக்கு மேலே நிற்கும். மாசியில் புல் காய்ந்திருப்பதால் அடுப்பைப் பொட்டலின் நடுவில் மூட்டி, கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். குரங்கணியை நினைத்துக்கொண்டால் இந்த நிமிஷம் வீணாகத் தோன்றாது.

இன்னொரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். 'குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டில் போடுவதா? பாம்பு, பூச்சி என்று நீங்களே பட்டியல் போடுகிறீர்களே!' என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டியல் போட்டது போகாதிருப்பதற்காக அன்று. இடம் பொறுக்கத் தெரியவேண்டும் என்பதற்காக. இரவு என்றால் என்ன என்று தெரியாமல் வளரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். மின்சாரம் பத்து நிமிஷம் நின்றால் அலறுகிறார்கள். இருட்டுக்குள் கண் பழகப் பழக மரமும் பாதையும் மெல்லத் தெரிய வரும் என்ற எளிய சங்கதி அவர்களுக்குத் தெரியாது. என் பேத்தி முதல் இரவு என் வேட்டியைப் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டாம் முறை போனபோது, "தாத்தா, லைட்டை அணைங்க, நட்சத்திரம் தெரியலை" என்றாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

என் உண்மையான கோபம் இந்த இரண்டு கட்சியார் மேலும் அல்ல. ஒரு மைலில் கிடைக்கவேண்டிய இடம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறதே, அதன் மேல். கண்மாய்க்குள்ளும் கரையிலும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டு, ஊரெல்லாம் கோடரி எடுத்தது. பிறகு வழக்கு வேறு திசையில் போக, வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்துவிட்டது. அதே 2017 முதல் கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம் என்றார்கள். நல்ல திட்டம், நிலம் பிழைத்தது. ஆனால் இயந்திரம் வைத்துச் செங்குத்தாகத் தோண்டிய குழிகள் பல இடத்தில் அப்படியே கிடக்கின்றன. மழை வந்து தண்ணீர் நிரம்பினால் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். மேலே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பந்தல்குடி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுவது பழைய தொழில். கல் வெட்டிய குழியில் நிற்கும் தண்ணீர் மலை ஏரியைப்போல் பச்சை நீலமாய் இருக்கும், புகைப்படத்துக்கு அழகு. குழந்தையோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

நார்வே தேசத்தில் 1957இல் ஒரு சட்டம் செய்தார்கள். வேலியிட்டுப் பயிர் செய்யாத வெளி எங்கும் யாரும் நடக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கலாம். பணக்காரன் ஏழை என்ற பேதம் இல்லை, வாடகைக் கூடாரக்காரனுக்குக் கப்பம் இல்லை. நமக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம்; பட்டா நிலம் என்றால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். மிஞ்சுவது ஊர்ப் பொதுவும் கோயில் பொட்டலும். அங்கே தங்கக் கேட்டு இதுவரை என்னை யாரும் விரட்டியதில்லை. பூசாரியிடமும் கண்மாய்க் காவல்காரரிடமும் போய், "இன்று ராத்திரி பிள்ளைகளோடு இங்கே படுக்கப் போகிறோம்" என்று சொல்லிவிடுவேன். சொல்லாமல் போய்ப் படுப்பவன் தனிமையைத் தேடுகிறவனாக ஊர் கண்ணுக்குத் தெரியமாட்டான், ஆடு திருட வந்தவனாகத் தெரிவான். சொல்லிவிட்டால் நடுராத்திரியில் ஒரு கைவிளக்கு தூரத்தில் நின்று நம்மைப் பார்த்துவிட்டுப் போகும்.

ஊராட்சிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாளிகை வேண்டாம், வளைவு வைத்த நுழைவாயில் வேண்டாம், திறப்பு விழாக் கல்வெட்டு வேண்டவே வேண்டாம். ஊருக்கு ஒரு கண்மாய்க் கரையில் ஒரு பக்கத்து முள்ளை வேரோடு எடுத்து, மேட்டில் நாற்பதடிக்கு நாற்பதடி பொட்டலாகப் பெருக்கி வைக்கட்டும். நாலு வேப்பங்கன்று நடட்டும். வண்டல் எடுத்த குழியின் ஓரத்தைச் சரித்துவிடட்டும். முடியாவிட்டால் ஆழம் என்று ஒரு பலகையாவது எழுதி நடட்டும். வண்டி வரும் பாதை மட்டும் போட்டுவிடாதீர்கள். பாதை போட்ட மறுநாள் கார் வரும், காரின் பின்னால் பஜ்ஜிக் கடை வரும், பிறகு நானும் என் பேத்தியும் இன்னொரு மைல் தள்ளிப் போகவேண்டியிருக்கும். அவள் நடந்துவிடுவாள்; என் முழங்கால்தான் இடம் கொடாது.